மலிவாக ஒரு துவக்கு கிடைக்குமா?

"சேர், நல்ல எயார் ரைபிள் ஒன்று மலிவாக எங்கே வாங்கலாம்?"

இந்த வருஷம் மட்டும் எங்களிடம் நாலு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர். இரண்டு பேர் உயர்தர மாணவர்கள். நாலாமவர் கட்டாரில் உழைத்து லீவில் வந்திருக்கும் எங்கள் பழைய மாணவர். நாலு பேரும் நல்ல பிள்ளைகள். விடியற்காலையில் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கப் போட்டுக்கொண்டு பறவை பார்க்கப் போகிறவர்கள் என்பதால், இப்படிப்பட்ட சாமான்களின் விலையெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, எல்லாருக்குமாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று யோசித்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒரே கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்து, படிப்பு முடிந்ததும் மன்னாருக்கே ஆசிரியர்களாக வந்தவர்கள். ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ். கீழே வருவது மூன்று பேரும் இருந்து கதைத்து எழுதியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குறி பார்க்கும் ஆசை பிழையான ஆசை அல்ல. எங்கள் மார்க்கத்தில் அம்பெய்யப் பழகுவது ஊக்கப்படுத்தப்பட்ட ஒன்று. உலக அளவில் அது பெரிய விளையாட்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் இலங்கைக்காக நின்றவர் தெஹானி எகொடவெல என்ற பெண். அந்தப் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர்தான். பேனாவால் வைக்கிற ஒரு குத்து. பத்து மீற்றர் தள்ளி நின்று, மூச்சை அடக்கி, 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டால் அதைத் தொடவேண்டும். தொழுகையில் நிற்பது போல உடம்பும் மனசும் ஒரே இடத்தில் நின்றால்தான் முடியும். ஆகவே இந்த ஆசையை நாங்கள் கேலி செய்யப் போவதில்லை.

ஆனால் "மலிவாக" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

அந்தச் சொல் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். அமெரிக்கக்காரர்களின் வீடியோக்களிலிருந்து. அங்கே வார இறுதியில் மண்டபம் எடுத்து, மேசை போட்டு, துவக்குக் கண்காட்சி நடத்துகிறார்கள். எந்தக் கடையில் எந்த மாதம் விலை குறையும், பாவித்த துவக்கை வாங்கும்போது குழலுக்குள் எப்படி லைற் அடித்துப் பார்ப்பது, தோட்டாவை மொத்தமாக எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த நாட்டில் அது மோட்டார் சைக்கிள் வாங்குவது போன்ற கதை. விலையைக் கேட்டு, பேரம் பேசி, வாங்கி வரலாம்.

எங்கள் நாட்டில் துவக்கின் விலை என்பது அதன் கதையில் கடைசி வரி. அதற்கு முன்னால் பல வரிகள் இருக்கின்றன. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது, திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். அந்தப் பத்திரமும் ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் போதும் என்பதல்ல. ஒவ்வொரு வருஷமும் டிசெம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். வாப்பா மௌத்தாகிவிட்டால் அவருடைய துவக்கு வளவு மாதிரி தானாக மகனுக்கு வந்துசேராது. மகன் புதிதாக விண்ணப்பித்து, கிராம அலுவலர், பொலிஸ், கச்சேரி என்று பல வாசல் ஏற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தவர்களுக்கும்கூட, 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளையும் தோட்டாக்களையும் மீளாய்வுக்காக வெலிசறையில் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. காசு கொடுத்து வாங்கினாலும் அது நிலம் போல உங்களுடையது அல்ல.

"அது உண்மைத் துவக்குக்குத்தானே சேர், இது வெறும் காற்று" என்பார்கள். சட்டம் மருந்தா காற்றா என்று மட்டும் பார்ப்பதில்லை. குண்டு எவ்வளவு விசையோடு போய்த் துளைக்கிறது என்பதைப் பார்க்கிறது. ஆகவே "எயார் தானே, லைசன்ஸ் தேவையில்லை" என்று விற்கிறவர் வாயால் சொல்வது சட்டம் ஆகாது. ஒன்றை விரும்பினால் அதன் மொடலையும் விபரத்தையும் எழுதிக்கொண்டு பொலிஸ் நிலையத்திலும் கச்சேரியிலும் முதலில் கேளுங்கள். காசைப் பிறகு எண்ணலாம்.

கட்டார்த் தம்பி எங்களுக்கு ஒரு விளம்பரத்தின் படத்தை அனுப்பியிருந்தார். கடை விலையில் பாதிதான். பெயர் இல்லை, கடை இல்லை, ஒரு நம்பர் மட்டும். பாதிக் காசை முற்பணமாகப் போட்டால் பஸ்ஸில் அனுப்புவார்களாம். இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். போன் வாங்கி ஏமாந்தவன் பொலிஸுக்குப் போய் முறைப்பாடு வைப்பான். பத்திரமில்லாத துவக்குக்குக் காசு கட்டி ஏமாந்தவன் எங்கே போவான்? பொலிஸில் போய் என்னவென்று சொல்வான்? வாங்குகிறவன் வாய் திறக்க மாட்டான் என்ற நிச்சயத்தில்தான் அந்தப் பாதி விலை நிற்கிறது. சாமான் வராவிட்டால் காசு போயிற்று. வந்துவிட்டாலோ அதைவிடப் பெரிய கரைச்சல்.

இன்னும் மலிவான துவக்கும் இருக்கிறது. வன்னிப் பக்கம் "இடியன்" என்பார்கள். பட்டறையில் குழாயை வைத்துச் செய்வது, மருந்தை வாய்வழியாக இடித்து நிரப்புவது. பன்றிக்கும் மரைக்கும் காட்டுப்பாதையில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு அதன் இன்னொரு தம்பி. செய்யக் காசு பெரிதாகச் செலவாகாது. ஆனால் அந்தக் கம்பியில் தட்டுவது பன்றியின் காலா, யானையின் காலா, விறகு பொறுக்கப் போன மனிதனின் காலா என்று துவக்குக்குத் தெரியாது. வாங்குகிறவனுக்கு மலிவாக இருப்பது, வேறு யாரோ ஒருவர் தன் காலால் கட்டுகிற விலை.

விவசாயிகளை நாங்கள் குறை சொல்லவில்லை. கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழேயும் முசலிப் பக்கமும் வயல் செய்கிறவர்களுக்குப் பன்றியும் மயிலும் குரங்கும் செய்யும் அழிவை நாங்களும் அறிவோம். பத்திரத்தோடு பன்னிரண்டு போர் துவக்கு வைத்திருப்பவருக்கு அது மண்வெட்டி போல ஒரு தொழில் சாமான். பொழுதுபோக்குக்காக வாங்க நினைப்பவருக்கு அந்த நியாயம் கிடையாது.

இனி, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு கணக்கு இருக்கிறது. மற்ற நாட்டு வீடியோக்களில் இந்தக் கணக்கு வராது.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலியிலும் துவக்கு இருந்தது ஒரு பக்கத்தில் மட்டும்தான். எங்கள் உம்மாமார் கைக்குழந்தைகளோடு தோணி ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். நாங்கள் மூவரும் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள். அதற்கு முன்பே, எண்பதுகளில், ஊர்களில் பத்திரத்தோடு இருந்த சொட்கன்களையும் இயக்கங்கள் பறித்துக்கொண்டு போயிருந்தன. வீட்டில் துவக்கு இருந்தால் பாதுகாப்பு என்று நம்பியவர்களின் வாசலுக்குத்தான் முதலில் ஆட்கள் வந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அது பழைய கதை என்று நினைத்தால், 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்த அநியாயத்தைச் செய்தவர்களோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் சோதனை எங்கள் வீடுகளுக்கு வந்தது. மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் இராணுவ உடை போன்றவற்றையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தபோது, உழ்ஹிய்யா அறுக்கும் கத்தியை என்ன செய்வது என்று எங்கள் உம்மாமார் குசினிக்குள் நின்று யோசித்தார்கள். இறைச்சி வெட்டும் கத்திக்கே அந்த யோசனை. பெருநாளைக்குப் பிள்ளை கேட்ட பிளாஸ்ரிக் துவக்கைக்கூட வாங்கிக் கொடுக்கப் பயந்த வாப்பாமார் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாள் திரும்பவும் வராது என்று யாராலும் எழுதித்தர முடியாது. உங்கள் அலுமாரியில் பில் இல்லாத எயார் ரைபிள் ஒன்று இருந்தால், அன்றைக்கு அதன் விலை என்ன? கேள்விக்குப் பதில் சொல்ல நிற்கப் போவது நீங்கள் மட்டுமல்ல. உங்கள் வாப்பா, உங்கள் பள்ளிவாசல், பக்கத்து வீடு எல்லாம் சேர்த்துத்தான்.

இன்னொரு கேள்வியையும் கேட்டோம். "வாங்கி எதைச் சுடுவீர்கள்?" இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் உண்மையைச் சொன்னார்: "கொக்கு, காட்டுப்புறா..." வங்காலைச் சரணாலயம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. 4,839 ஹெக்டேயர், 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மத்திய ஆசியாவுக்கும் அப்பாலிருந்து வருகிற ஊசிவால் வாத்துகளும், செந்நிறச் சிறகோடு வரும் பூநாரைகளும் மாரி முழுக்க அங்கே இரை தேடுகின்றன. அங்கே ஒரு பறவையைச் சுடுவது சட்டப்படி குற்றம். அதைவிட, உயிருள்ள ஒன்றை இலக்காக நிறுத்தி எய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உறையில் இல்லாத வாளைக் கைக்குக் கை மாற்றுவதையும் தடுத்தார்கள். ஆயுதம் கைமாறும் ஒழுங்குக்கு அவ்வளவு கவனம் இருந்திருக்கிறது.

சரி, குறி பார்க்கும் ஆசை உள்ளவன் என்ன செய்வது? முறையான வழி விளையாட்டுச் சங்கம். தேசிய குறிபார்த்துச் சுடும் விளையாட்டுச் சம்மேளனம் இருக்கிறது, அதன் கீழ் கழகங்கள் இருக்கின்றன. முதலில் கழகத் துவக்கில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கப் பழகுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால் சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். எங்கள் கணக்கில், துவக்கில் கிடைக்கக்கூடிய ஒரே நல்ல மலிவு இதுதான்: வாங்காமல் பழகுவது.

அதற்கு வசதி இல்லாதவர்களுக்கு எங்கள் பொழுதுபோக்கைச் சிபாரிசு செய்கிறோம். பைனாகுலரிலும் குறி பார்க்கலாம், மூச்சை அடக்கலாம், காத்திருக்கலாம். பறவை தப்பிப் போனாலும் நாளைக்கு வரும். இதில் மலிவு தேடுவதற்கு வழியும் சொல்கிறோம்.

தெருவோரத்தில் "60×60", "90×90" என்று எழுதி விற்பதைத் தொடாதீர்கள். அவ்வளவு பெருக்கம் கையில் பிடித்துப் பார்க்க முடியாத ஒன்று, எழுத்து மட்டும்தான். 8×42 என்று இருப்பதைத் தேடுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் வில்லை 42 மில்லிமீற்றர். 42ஐ எட்டால் பிரித்தால் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே வரும், அதுதான் உங்கள் கண்ணுக்குள் வரும் வெளிச்ச வட்டத்தின் அளவு. விடியல் வெளிச்சத்துக்கு அது போதும். பாவித்ததை வாங்கினால் பகலில் போய், தூரத்தில் நிற்கும் ஒரு மின்கம்பத்தை இரண்டு கண்ணாலும் பாருங்கள். கம்பம் இரண்டாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். முன் வில்லைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சணம், எங்கள் கடல் காற்றில் சீக்கிரம் பிடிக்கும். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். விற்கிறவரிடம் பழைய பில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் தொடரிலக்கத்தை எழுதி, திகதி போட்டு, கையொப்பத்தோடு ஒரு துண்டாவது வாங்குங்கள். நாங்கள் மூவரும் பங்கு போட்டு 24,000 ரூபாவுக்கு ஒன்று வாங்கினோம். பில் எங்கள் பைக்குள்ளேயே இருக்கிறது. சோதனைச் சாவடியில் ஒருமுறை கேட்டார்கள், எடுத்துக் காட்டினோம். அந்தச் சிப்பாயும் வாங்கிக் கண்ணில் வைத்துப் பூநாரையைப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

இன்ஷா அல்லாஹ், தைப்பொங்கல் லீவில் தள்ளாடிப் பக்கம் போகிறோம். சுபஹு தொழுத கையோடு புறப்படுவோம். வர விரும்பும் பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு வாருங்கள். இருப்பது ஒரு பைனாகுலர்தான், வரிசையில் நின்று பார்க்கலாம்.