அளவு மாறினால் குறி மாறும்

குடியிருப்பது புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் என்றாலும், எங்கள் நிலம் செஞ்சிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. மல்லாட்டை காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கிவிடும். ஊருக்குப் போகும்போதெல்லாம், "நாட்டுத் துப்பாக்கி வாங்கினா பன்றிக்குச் சரியா வருமா?" என்று யாராவது கேட்கிறார்கள். என் சித்தப்பா முப்பது வருஷம் லைசென்ஸோடு ஒன்று வைத்திருந்தவர். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் தர 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சித்தப்பா அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

இதற்குத் தோட்டா கிடையாது. முதலில் மருந்து, அதன்மேல் துணி அடைப்பு, பிறகு ரவையோ ஈயக் குண்டோ. எல்லாவற்றையும் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு வெடியும் கையால் செய்வது. சிலர் உள்ளங்கையில் மருந்தை அள்ளிப் போடுவார்கள். சித்தப்பா ஒரு மூங்கில் குழாயை அளவாக வைத்திருந்தார். விரலால் தலைதட்டித்தான் கொட்டுவார். "கை இன்னைக்கு ஒரு அளவு அள்ளும், நாளைக்கு ஒரு அளவு அள்ளும்டா" என்பார்.

அதில் கணக்கு இருக்கிறது. குழலை விட்டதும் குண்டு கீழே இறங்க ஆரம்பிக்கும். வினாடிக்கு 300 மீட்டர் வேகம் என்றால், 50 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 14 செ.மீ. இறங்கும். 400 மீட்டர் வேகம் என்றால் 8 செ.மீ.தான். இது காற்றின் தடையைச் சேர்க்காத கணக்கு. நாலு விரல் அகலம் வித்தியாசம் வந்துவிட்டது.

இதோடு உதை வேறு. குண்டு வெளியேறுவதற்குள் உதை குழல் முனையைக் கொஞ்சம் தூக்கிவிடும். மருந்து கூடினால் உதை கூடும். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரமோ குறையும். இரண்டில் எது மிஞ்சும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். குண்டின் எடை, இடித்த இறுக்கம், மருந்தின் ஈரம், முந்தின வெடியில் குழலுக்குள் படிந்த கரி என்று ஒவ்வொன்றும் குறியை நகர்த்தும். அமெரிக்காவில் தோட்டாவைத் தாங்களே நிரப்பும் வேட்டைக்காரர்கள்கூட, மருந்தையோ குண்டையோ மாற்றினால் மறுபடி அட்டையில் சுட்டுப் பார்த்துத்தான் குறியைத் திருத்துகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது உள்ளே புரி வெட்டிய ரைஃபிள். நம்முடையது வெறும் வழவழப்புக் குழல்.

வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால் நடந்ததைச் சித்தப்பா அடிக்கடி சொல்வார். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், பன்றி ஒரே அடியில் விழட்டும் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து போட்டார். குண்டு பன்றியின் முதுகுக்கு மேலே போய், தூரத்தில் இருந்த கிணற்றுக் கொட்டகையின் மண்சுவரில் பாய்ந்தது. உள்ளே தண்ணீர் கட்ட வந்தவர் படுத்திருந்தார். அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளித்தான் ஓட்டை. குழல் வெடிக்காமல் போனதும் அதிர்ஷ்டம்தான். மருந்து மிஞ்சினால் அதுவும் நடக்கும்.

1972-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைச் சுட்டால் குற்றம். லைசென்ஸ் துப்பாக்கி என்றாலும் அப்படித்தான். சித்தப்பா கடைசிவரை குண்டில்லாமல் சத்தத்துக்கு மட்டும்தான் வெடித்தார்.

ஆகவே, கேட்கிறவர்களிடம் துப்பாக்கி வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடுவதற்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வழி செய்திருக்கிறது. சேதமான மல்லாட்டைக் கொல்லையைப் போட்டோ எடுத்து, சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லி வையுங்கள்.