ஒரே ஒரு முறை ஒளிபரப்பான நிகழ்ச்சி

1978 நவம்பர் 17ஆம் திகதி அமெரிக்காவின் சீ.பி.எஸ். தொலைக்காட்சி 'ஸ்டார் வோர்ஸ் ஹொலிடே ஸ்பெஷல்' என்ற பண்டிகைக்கால நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். நான் பார்த்தது, பிரதியின் பிரதியாய்க் கைமாறி வந்த மங்கிய பதிவொன்றை.

ஹான் சோலோவின் உரோமம் அடர்ந்த தோழன் சுபாக்காவின் வீட்டில் மனைவி, தந்தை, மகன் மூவரும் உறுமுகிறார்கள். பல நிமிடங்களுக்கு உறுமலே உரையாடல். எழுத்தில் விளக்கமும் கிடையாது. 'வாழ்வு நாள்' பண்டிகைக்கு அவன் வீடு வந்து சேர்வானா என்பதே கதை. இடையில் நான்கு கைகளுடன் ஒரு சமையற்பாடம் வேறு! தேறியது, போபா ஃபெட் திரையில் முதன்முதல் தோன்றிய சித்திரப்படப் பகுதி மட்டுமே.

ஜோர்ஜ் லூகாஸ் அதை மறக்கவே விரும்பினார். மறு ஒளிபரப்பு இல்லை. முழுமையாக விற்பனைக்கும் வரவில்லை. அன்றிரவு வீட்டில் பதிவு செய்து வைத்தவர்கள்தாம் அதைச் சாகவிடவில்லை.

அவருடைய சங்கடம் எனக்குப் புரியும். நான் பொறுப்பாயிருந்த பொங்கல் மலரொன்றில் ஒரே பக்கம் இரு முறை அச்சாகி, சிறுகதை ஒன்றின் முடிவு விடுபட்டுப் போயிற்று. காரியாலயக் கோவையிலிருந்து அந்த மலரை நானே அகற்றினேன். பல்லாண்டுகளின் பின் வாசகர் ஒருவர் அதைத் தம் பையிலிருந்து பக்குவமாக எடுத்து, "கடைசியில் அந்தப் பெண் ஊர் திரும்பினாளா, ஐயா?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை.