ஒரே பட்டன் மாமா!

“நீயும் பி.காம்.தானேடா... வரவு செலவு பார்த்துச் சொல்லு. வெச்சுக்கலாமா, வித்துடலாமா?”

அக்கா கேட்டது நிலத்தைப் பற்றியோ நகையைப் பற்றியோ அல்ல. டி.வி.க்குக் கீழே கறுப்பாக உட்கார்ந்திருந்த பிளேஸ்டேஷன் 4 பற்றி. அவள் பையன் பி.காம். இரண்டாம் வருஷம். கையில் மூன்று அரியர். அதில் ஒன்று காஸ்ட் அக்கவுன்டிங் (எங்கள் பரம்பரை வியாதி!). ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஹாலில் ‘டமால், டுமீல்’. அக்கா ஒரு கடையில் விலைகூடப் பேசிவிட்டாள். கடைசிக் கையெழுத்துப் போட ஆடிட்டராக அடியேன்.

ஆடிட்டர் என்றால் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டாமா? பத்து நாள் திருச்சியில் டேரா போட்டேன். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் லீவு கேட்க வேண்டிய ஒரே மேலதிகாரி மனைவி. வாயைத் திறப்பதற்குள் சாங்ஷன் ஆனது.

பையன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு ‘டெவில் மே க்ரை 5’. ஜப்பானின் காப்காம் கம்பெனி 2019-ல் வெளியிட்டது. டைரக்டர் ஹிதேயாகி இட்சுனோ. கதை ரொம்பச் சுருக்கம். நகரத்துக்கு நடுவே ஒரு பிசாசு மரம் முளைத்து மனித ரத்தத்தை உறிஞ்சுகிறது. நீரோ, வி, டான்டே என்று மூன்று பேர் போய் அதை ஒரு வழி பண்ண வேண்டும். மொத்தம் 20 மிஷன்.

முதல் நாள் நீரோவின் கத்தி என் வசம். முக்கோணப் பட்டனை அமுக்கினால் வெட்டுகிறான். அமுக்கினேன். பிசாசு செத்தது. திரும்ப அமுக்கினேன். இன்னொன்று செத்தது. ‘ப்பூ, இவ்வளவுதானா!’ என்று நிமிர்ந்தால், பையன் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறான்.

“மாமா, வலது பக்கம் பாருங்க.”

பார்த்தேன். ‘டி’ என்று ஓர் எழுத்து.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் எதிரியைக் கொல்வது வெறும் பாஸ் மார்க். எப்படிக் கொன்றாய் என்பதற்குத்தான் கிரேடு. டி, சி, பி, ஏ, எஸ், எஸ்.எஸ்., எஸ்.எஸ்.எஸ். என்று 7 படி. அடித்த அடியையே அடித்தால் ஏற்றம் நின்றுவிடும். கத்தியால் மேலே தூக்கி, அந்தரத்தில் நாலு வெட்டு வெட்டி, கீழே விழுவதற்குள் துப்பாக்கியால் சுட்டு, அதை அப்படியே அடுத்த அடியோடு கோக்க வேண்டும். இந்தக் கோர்வைக்குத்தான் ‘காம்போ’ என்று பெயர். நடுவில் நாம் அடி வாங்கினால் எழுத்து சறுக்கும். எழுத்து ஏற ஏறப் பின்னணிப் பாட்டும் சூடு பிடிக்கும். ‘எஸ்’ஸைத் தொட்டால்தான் பல்லவியே முழுசாக வரும். எனக்கு அதைக் கேட்க நாலு நாள் ஆனது.

இந்த அந்தரத்து அடி பிறந்ததே ஒரு தப்பில்தானாம். ‘ஒனிமுஷா’ என்ற இன்னொரு விளையாட்டைச் சோதித்தபோது, ஒரு பிழையால் எதிரி கீழே விழாமல் தொங்கினான். அதைத் திருத்தி மறக்காமல், 2001-ல் வந்த முதல் பாகத்தில் வித்தையாகவே ஆக்கிவிட்டார் அதன் டைரக்டர் ஹிதேகி காமியா. கணக்கில் உதைக்கும் தொகையை லாபத்தில் காட்டிய மாதிரி!

வரவுப் பக்கம் இன்னும் உண்டு. நீரோவின் கத்திப் பிடியில் பைக் மாதிரி ஆக்ஸிலேட்டர். வெட்டும் கணத்தில் சரியாக முறுக்கினால் அடுத்த வெட்டு இடி. ‘வி’ தான் சண்டை போடுவதில்லை. ஒரு பறவையும் சிறுத்தையும் பூதமும் அவனுக்காக அடிக்கின்றன. கடைசிக் குத்து மட்டும் அவன் கைத்தடி. (இப்படி ஒரு மேனேஜரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன்.) டான்டேயிடம் ஒரு தொப்பி. நாம் பாடுபட்டுச் சேர்த்த சிவப்புக் குண்டுமணிகளையே வாரி இறைத்து எதிரியை அடிக்கிறது. காமர்ஸ் மனசு பதறிவிட்டது!

செலவுப் பக்கம்? ஒரு எதிரியைக் குறி வைத்தால், திரையில் தெரியாத இன்னொருவன் முதுகில் போடுகிறான். நீரோவின் இயந்திரக் கைகளில் இரண்டாவது வேண்டுமென்றால் முதலாவதை உடைக்கவோ கழற்றி எறியவோ வேண்டும். மாற்றிக்கொள்ள வழியில்லை. பின்பாதி முழுக்க மரத்தின் வயிற்றுக்குள்ளேயே சுற்றி, எந்த மிஷன் எங்கே நடந்தது என்றே மறந்துபோகிறது. ரத்தமும் தாராளம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. முதல் சுற்றில் ஒரே பட்டனை அமுக்கியே, ‘டி’ வாங்கியே, கதையை முடித்துவிடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். நிஜமான பரீட்சை, கடினமான சுற்று, முடித்த பிறகுதான் திறக்கும். அதற்குள் முக்கால்வாசிப் பேர் ‘பார்த்தாச்சு’ என்று மூடிவைத்துவிட மாட்டார்களா? கைடு படித்து நாற்பது மார்க்கில் டிகிரி வாங்கிய எனக்கு இது சுருக்கென்றது.

ஏழாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். பையன் பயிற்சிக் கூடத்தில் இருந்தான். மிஷன் இல்லை, கதை இல்லை. ஒரே ஒரு முறுக்கைத் திரும்பத் திரும்பப் பழகுகிறான். நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

“ஏன்டா, இந்தப் பொறுமை காஸ்ட் அக்கவுன்டிங்ல வந்தா...”

அவன் திரும்பவில்லை. “இங்க தப்புப் பண்ணா அந்த செகண்டே தெரிஞ்சுடும் மாமா. காலேஜ்ல ஆறு மாசம் கழிச்சு நம்பர் மட்டும் வரும். எங்க தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.”

சோம்பேறி என்று நாங்கள் முடிவு கட்டியிருந்த பிள்ளை. எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை.

மறுநாள் ப்ராசஸ் காஸ்டிங் கணக்கு ஒன்றைப் பிரித்தோம். அவன் ஒவ்வொரு படி போட்டதும் விடையைப் பார்த்து, மார்ஜினில் பென்சிலால் நான் ஓர் எழுத்து. நார்மல் லாஸுக்கு ‘பி’. அப்நார்மல் லாஸில் சறுக்கி ‘டி’. அடுத்த கணக்கை நான் போட்டேன். அவன் எழுத்துப் போட்டான். என் எழுத்தை இங்கே சொல்வதாக இல்லை.

அக்காவிடம் ரிப்போர்ட் கொடுத்தேன்: “விக்காதே.” அவள் பாதிதான் ஒப்புக்கொண்டாள். கன்ட்ரோலர் பீரோவுக்குள். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம். நவம்பர் பரீட்சையில் பையன் இரண்டு அரியரைத் தட்டிவிட்டான். காஸ்ட் அக்கவுன்டிங் பாக்கி. இந்த முறை ஐந்து மார்க்கில்தான் போனது, முன்பு இருபத்திரண்டு.

போன வாரம் அவனிடமிருந்து போன். “மாமா, உங்க கட்டுரை படிச்சேன். மறுபடியும் மனைவி ஜோக்கா? ஒரே பட்டன்! ‘டி’.”

பத்து வருஷமாக எழுதுகிறேன். இதை ஒருத்தரும் சொன்னதில்லை.

இந்தக் கட்டுரையிலும் ஒன்று வந்துவிட்டது. கண்டுபிடித்தவர்கள் மார்ஜினில் எழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.