கோழி இல்லாத கோழிக்குழம்பு

ஜூன் ஸ்கூல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். ஊர்னா சித்தூர். சிங்கப்பூர்ல "ஆந்திராவா? தமிழ் நல்லா பேசறீங்களே"ன்னு கேப்பாங்க. 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுக்கே தலைநகரமா இருந்த ஊருங்க அது :-)

போய் இறங்கினா அம்மா நாட்டுக்கோழிக் குழம்பும் கேவுரு களியும் செய்வாங்க. இந்தத் தடவை என் பொண்ணு (12 வயசு) தட்டைத் தள்ளி வெச்சுட்டா. காலையில சித்தப்பாவோட கோழி ஷெட்டைப் பார்த்திருந்தா. குஞ்சும் தீவனமும் கம்பெனியோடது. ஷெட்டும் உழைப்பும் சித்தப்பாவோடது. நாப்பது நாள் சுமாருக்கு லாரி வந்துடும்.

"இது முற்றத்துல திரிஞ்ச கோழிடா கண்ணு"ன்னாங்க அம்மா.

"அதுவும் செத்துதானே போச்சு, ஆயா?"

அம்மா முகம் வாடிப்போச்சு.

மறுநாள் அதே மசாலாவுல மீல்மேக்கர் போட்டாங்க. ரெண்டு தட்டு சாப்பிட்டா! எண்ணெய் எடுத்த சோயாமாவுதான் மீல்மேக்கர். எடையில பாதி புரதம். இங்க தாவரக் கறி பர்கர்னு பேர் வெச்சு என்ன விலை விக்கறான்! நம்ம ஊர்ல அதைக் கறின்னு யாரும் நினைக்கறதில்ல. அதனாலேயே ஏமாத்தமும் இல்ல.

அடுத்த நாள் எல்லாரும் திருப்பதி பஸ்ல போகும்போது ஆய்வகக் கறி பத்திச் சொன்னேன். கோழியோட செல்லை எடுத்து, சத்துநீர் விட்டு, தொட்டியில வளர்க்கறது. 2013-ல லண்டன்ல காட்டின முதல் மாட்டுக்கறி பர்கருக்கு ரெண்டரை லட்சம் யூரோ செலவு. 2020 டிசம்பர்ல விற்பனைக்கு அனுமதி குடுத்த முதல் நாடு சிங்கப்பூர். 2024-ல இங்க கடைக்கு வந்த பாக்கெட்டை நானும் வாங்கினேன். அதுல கோழிச்செல் 3 சதவீதம், மீதி பெரும்பாலும் தாவரப் புரதம். குழம்புல போட்டா வித்தியாசம் தெரியல. ஆரம்பத்துல கன்னுக்குட்டிக் கருவோட ரத்த சீரம் கலந்து வளர்த்தாங்க. சீரம் இல்லாத முறைக்கு 2023-ல அனுமதி கிடைச்சுது.

"அப்போ புரட்டாசியில சாப்பிடலாமாம்மா?"ன்னு விளையாட்டா கேட்டேன்.

அம்மா சிரிக்கல. "கோழிக்கு வலிக்குதுன்னா விரதம் இருக்கறோம்? வேணும்னு இருக்கறப்போ வேணாம்னு இருக்கறதுதான் நைனா விரதம்."

யோசிச்சா சரிதான். திருமலை மேல கறி கூடாது. கீழ திருப்பதியில, மே மாச ஜாத்திரையில, தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்குக் கோழியும் ஆடும் உண்டு. அவ பெருமாளுக்குத் தங்கச்சி. மலையிலிருந்து சீர்வரிசை வேற வருது. அம்மாவுக்குக் கறி பாவமில்ல. அதுக்கு இடமும் நாளும் இருக்கு. பொண்ணுக்கு எந்த நாளா இருந்தாலும் கொலை கொலைதான். ஆய்வகக் கறி பொண்ணோட கேள்விக்குப் பதில் சொல்லலாம், அம்மாவோடதுக்கு இல்ல.

முன் சீட்ல இருந்த சித்தப்பா திரும்பினார். "தொட்டியிலேயே வளர்ந்துட்டா நான் ஷெட்டுல என்னடா வளர்க்கறது? லோன் இன்னும் நாலு வருஷம் இருக்கு."

எனக்குப் பதில் தெரியல. இன்னைக்கும் தெரியல.

என் கருத்தைச் சொல்லிடறேன். கொல்லவும் மனசில்லாம, ருசியையும் விட முடியாத என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் அந்தக் கறி. விலை இறங்கினா வாங்குவேன். ஆனா புரட்டாசியில மாட்டேன். சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வழி சொல்லாம அதை "கருணைக் கறி"ன்னும் சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது அம்மா ரெண்டு கிலோ குழம்புப் பொடி கட்டிக் குடுத்தாங்க. "கோழிக்கும் இதான், மீல்மேக்கருக்கும் இதான். புள்ளைய கட்டாயப்படுத்தாத."