நாழிகைக் கணக்கனும் குயில் முட்டையும்

பழுதுற்ற இயந்திரத்தை ஆராய்வோர் முதலிற் கேட்கும் வினா, அது எப்பொழுது பழுதுறத் தொடங்கியது என்பதாகும். வலையமைப்பில் இயங்கும் சேவையகக் கணனியைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு விடைகாண்பது எளிதன்று. நள்ளிரவில் ஆயிரக்கணக்கான இணைப்புக்கள் வந்து குவிந்து அதனைத் திணறடித்திருக்கலாம். விடிந்ததும் அவை யாவும் மறைந்துவிடும். காலையில் வந்து நோக்குபவருக்குக் கணனி தன் அப்போதைய நிலையை மட்டுமே கூறும். கடந்த இரவைப் பற்றி அதனிடம் உசாவ வேண்டுமாயின், அவ்விரவு வருமுன்னரே அதற்கு எழுதக் கற்பித்திருத்தல் வேண்டும்.

எழுதத்தக்கவை யாவை? 1981 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட ரி.சி.பி. நெறிமுறை, இரு கணனிகளுக்கிடையே இணைப்பொன்று தோன்றி முடியும் வரை அடையக்கூடிய நிலைகளைப் பதினொன்றாக வகுத்தது. 1983 இல் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் இடம்பெற்ற 'நெற்ஸ்ரற்' என்னும் கட்டளை, அவ்வேளையிலுள்ள இணைப்பு ஒவ்வொன்றும் எந்நிலையில் நிற்கின்றது எனக் காட்டிற்று. லினக்ஸ் கணனிகளில் இன்று 'எஸ்.எஸ்.' என்னும் கட்டளை அதன் இடத்தைப் பெற்றுள்ளது. இந்நிலைகளுள் 'குளோஸ் வெயிற்' என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. மறுமுனை விடைபெற்றுச் சென்ற பின்னரும் இம்முனையிலுள்ள நிரல் தன் கதவைச் சாத்தாதிருப்பதே அந்நிலை. நிரலில் வழுவிருப்பின் இத்தகைய இணைப்புக்கள் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பெருகி, ஈற்றிற் புதிய இணைப்பெதனையும் ஏற்கவியலாத நிலைக்குக் கணனியைத் தள்ளும். ஒருமுறை மட்டும் நோக்குபவருக்கு நாற்பது என்பது வெறும் எண்ணே. நேற்று முப்பது, அதற்கு முதல்நாள் இருபது என்ற பதிவு அருகிலிருப்பின் அதுவே எச்சரிக்கையாகிவிடும்.

பண்டைத் தமிழரசர்க்குப் பொழுதளந்து கூறிய நாழிகைக் கணக்கரைப் போன்று, யுனிக்ஸ் கணனியிற் பொழுதறிந்து பணிபுரிவது 'குரொன்' என்னும் நிரலாகும். பெல் ஆய்வுகூடம் 1979 இல் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது காணப்பட்டது. 1987 இல் போல் விக்சி எழுதிய வடிவம் பின்னர் பெருவழக்காயிற்று. நிமிடம், மணி, திகதி, மாதம், வாரத்தின் நாள் என ஐந்து கூறுகளாற் காலத்தைக் குறித்து, அதன்பின் கட்டளையை எழுதிவிட்டால் போதும். நிமிடந்தோறும் விழித்து அட்டவணையை நோக்கித் தன் கடனை அது செய்யும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்புக்களை எண்ணி, நேரத்தையும் சேர்த்துக் கோப்பின் ஈற்றில் ஒரு வரி எழுதுமாறு பணித்தால், நாளொன்றுக்கு 288 வரிகள் சேரும்.

இவ்வொழுங்கு குறையற்றதன்று. இரு பார்வைகளுக்கிடையே தோன்றி மறைந்த இணைப்பு எண்ணிக்கையிற் சேராது போகலாம். ஆதலின், கணனி இயங்கத் தொடங்கிய வேளை முதல் திறக்கப்பட்ட இணைப்புக்களையும் மீள அனுப்பப்பட்ட பொதிகளையும் இடையறாது கூட்டிவரும் தொகைகளையும் உடன் குறித்தல் நன்று. வீட்டில் விளக்கு எரிகின்றதா என எட்டிப்பார்ப்பதற்கும் மின்மானியை வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவாகும். இரு வாசிப்புக்களின் வித்தியாசம், இடைப்பட்ட நேரத்தில் நிகழ்ந்தவற்றின் தொகையைத் தந்துவிடும்.

இதனினும் பெரிய குறையொன்றுண்டு. நாழிகைக் கணக்கன் ஆணையை நிறைவேற்றுவானேயன்றி, அதனை இட்டவர் யார் என உசாவான். 1986 இல் கலிபோர்ணியாவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் இதற்குத் தக்க சான்று கிடைத்தது. கணனிப் பாவனைக் கட்டணக் கணக்கில் 75 அமெரிக்கச் சதம் குறைவாக இருந்தது. வானியல் பயின்றவரான கிளிபர்ட் ஸ்ரோல் அதன் காரணத்தைத் தேடியபோது, அந்நியன் ஒருவன் உட்புகுந்திருந்தமை வெளிப்பட்டது. அங்கு 'அட்றன்' என்னும் நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உயர் அதிகாரத்துடன் தானாக இயங்குவது வழக்கம். ஈமாக்ஸ் என்னும் மென்பொருளில் இருந்த குறைபாட்டைப் பயன்படுத்தி, அந்நியன் அதனிடத்தில் தன் போலி நிரலை வைத்தான். காக்கைக் கூட்டிற் குயிலிட்ட முட்டையைக் காக்கையே அடைகாப்பது போன்று, கணனி குறித்த வேளை தவறாது அதனை இயக்கி அவனுக்கு முழு அதிகாரத்தையும் வழங்கிற்று. 1989 இல் வெளியான தமது நூலுக்கு ஸ்ரோல் 'குயிலின் முட்டை' எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார்.

ஸ்ரோல் கணனியை நம்பியிருக்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஏறத்தாழ ஐம்பது தொடர்புகளில் அச்சுப்பொறிகளை இணைத்து, அந்நியனின் நடமாட்டத்தைத் தாளிற் பதித்தார். கணனியினுள் இருக்கும் கோப்பை உயர் அதிகாரம் பெற்றவன் அழிக்கலாம். அறையிலுள்ள தாளை அவனால் அழிக்கவியலாது. ஏறத்தாழ 450 கணனிகளுட் புக முயன்ற அவன் முப்பதுக்கு மேற்பட்டவற்றில் வெற்றிகண்டமை தெரியவந்தது. அத்தடம் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் சென்று முடிந்தது. களவாடப்பட்ட தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டமையும் பின்னர் வெளியாயிற்று.

இன்று தாளுக்குப் பதிலாக, எழுதப்படும் வரிகளை வேறொரு கணனிக்கு உடனுக்குடன் அனுப்பி வைப்பர். பதிவு, பதியப்படும் இயந்திரத்தின் அதிகாரத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும் என்ற நியதி மட்டும் மாறவில்லை. மற்றொன்றும் மாறவில்லை. பதிவேட்டை எழுதும் வேலையைக் குரொனிடம் ஒப்படைக்கலாம். அதனை வாசித்து ஐயுறும் வேலையை முற்றாக ஒப்படைத்தல் இயலாது. 75 சதத்தை அற்பமெனத் தள்ளிவிடக்கூடிய ஒருவர் அன்று அவ்விடத்தில் இருந்திருப்பின், கணக்குகள் ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கும். அந்நியனும் ஒழுங்காகவே வந்துபோயிருப்பான்.