பிரைடல் ஷவரும் ஒரு கிலோ எலுமிச்சை சாதமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். (எப்பவும் சொல்ற பொய்தான், கண்டுக்காதீங்க.) நடுவுல ஒரு நல்ல காரியத்துக்குச் சமைச்சுட்டு வந்தேன். அதை எழுதாம இருக்க முடியலை.

இங்க நியூ ஜெர்சியில என் பக்கத்து சீட்டு அமெரிக்கப் பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி தோழிகள் நடத்துறதுதான் பிரைடல் ஷவர். குளிக்கிற சமாச்சாரம் இல்லைங்க, பரிசு மழை. ஏழை மில்காரனைக் கட்டிக்க ஆசைப்பட்ட பொண்ணுக்கு அப்பா சீர் தர மறுத்தாராம். ஊர்க்காரங்க ஆளுக்கொரு சாமான் கொண்டு வந்து குடுத்து கல்யாணத்தை நடத்தி வெச்சாங்களாம். டச்சுக்காரங்க கதைன்னு சொல்றாங்க. நிஜமோ கட்டுக்கதையோ, எனக்குப் பிடிச்சிருந்தது.

இப்பல்லாம் அதுக்கு ஒரு 'தீம்' வேணும். தோழி முடிவு பண்ணினது எலுமிச்சை. மேஜை விரிப்பு, பேப்பர் தட்டு, பலூன்னு எல்லாம் மஞ்சள். யார் என்ன கொண்டு வர்றாங்கன்னு ஒரு கூகிள் ஷீட். லெமனேட், லெமன் பார், லெமன் கேக். பார்க்கும்போதே திகட்டுச்சு. வாய் சும்மா இருக்காம "எங்க ஊர்ல லெமன் ரைஸ்னு ஒண்ணு உண்டு"ன்னேன். அடுத்த நிமிஷம் என் பேருக்கு நேரா '20 பேர்'. ரெண்டு பேருக்கு மேல சமைச்சதே இல்லை நான்!

ஈரோட்டுக்கு ஃபோன் போட்டேன். "மத்த பலகாரமும் இருக்குதல்ல, ஒரு கிலோ அரிசி போதுங்கண்ணு. எட்டுப் பழம் பிழி"ன்னாங்க அம்மா.

அங்கதான் முதல் பக். நம்மூரு எலுமிச்சை சின்னது, தோல் மெலிசு. இங்க அதுக்குச் சொந்தக்காரன் பேரு லைம், பச்சையாவே விக்கிறாங்க. லெமன்னு விக்கிறது பெருசா, மஞ்சளா, தோல் தடிச்சு இருக்கு. ஆக இத்தனை வருஷமா நாம லெமன் ரைஸ்னு சாப்பிட்டது லைம் ரைஸ்! தீமுக்காக இந்த ஊர்ப் பழம் நாலை வாங்கி, ருசி பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். அடுப்பை அணைச்சு, தாளிப்பு சூடு தணிஞ்சப்புறம்தான் சாறு விடணும், இல்லேன்னா கசக்கும். இன்னொண்ணு, சாதத்துக்கு அந்த நிறம் பழத்துலேர்ந்து வர்றதில்லை. மஞ்சள்தூள்தான்.

ரெண்டாவது பக் கொஞ்சம் சீரியஸ். வர்றவங்கள்ல ஒருத்தருக்கு வேர்க்கடலை ஆகாது, இன்னொருத்தருக்கு சீலியாக், கோதுமை பட்டாலே ஆகாது. கடலைக்குப் பதிலா கடலைப்பருப்பும் உளுந்தும் போடலாமான்னு அவங்ககிட்டயே கேட்டுக்கிட்டேன். அரிசிச் சோத்துல கோதுமை எங்கேர்ந்து வரப்போகுதுன்னு அலட்சியம். முந்தின நாள் ராத்திரி சும்மா பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிச்சா... கோதுமை மாவு! தூள் பெருங்காயத்துல மாவு கலக்கிறாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? டெஸ்டிங் பண்ணாம புரொடக்ஷனுக்குப் போயிருந்தா என்னாயிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. திரும்ப ஃபோன். "காயமில்லாத தாளிப்பா?"ன்னு சலிச்சுக்கிட்டு, "இஞ்சி கூடப் போடு"ன்னாங்க.

வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டாங்க: "ஏங்கண்ணு, இது கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்கறதா?"

"ஆமாம்மா."

"பக்குவம் நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதே."

அப்பா போனது 2011-ல. 2018-ல அக்காவுக்கு வளைகாப்பு, எங்க பக்கம் கட்டுச்சோத்து விருந்து. (தீம் வெச்சுச் சமைக்கிறது நமக்கொண்ணும் புதுசில்லை பாருங்க.) விடிகாலை நாலு மணிக்கு எழுந்து புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர்னு அஞ்சு சோறும் கிளறினது அம்மாதான். ஒவ்வொருத்தரா வந்து அக்காவுக்குச் சந்தனம் பூசி, வளையல் போட்டு, ஊட்டி விட்டாங்க. அம்மா சமையல்கட்டுலயே நின்னுட்டாங்க. யாரும் வராதேன்னு சொல்லலை. யாரும் கூப்பிடவும் இல்லை. நானும்தான். கேமராவை வெச்சுக்கிட்டு எல்லாரையும் சிரிக்கச் சொல்லிட்டிருந்தேன். அந்த ஃபோட்டோக்கள் எதுலயும் அம்மா கிடையாது.

ஷவரைப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணுமில்லை. விளையாட்டு, பரிசு, கொஞ்சம் அழுகை. சாதம் முதல்ல சந்தேகமாப் பார்க்கப்பட்டு, அப்புறம் சுரண்டப்பட்டது. கறிவேப்பிலையை ஒருத்தர் விடாம தட்டோரமா ஒதுக்கினாங்க, அது மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

கடைசியில ஆளுக்கொரு அட்டை குடுத்தாங்க. கொண்டு வந்த பதார்த்தத்தோட செய்முறையை எழுதி, பொண்ணுகிட்ட ஒரு டப்பாவுல போட்டுக் குடுக்கிறது வழக்கமாம். அளவெல்லாம் எழுதினேன், பெருங்காயத்தைப் பத்தி அடிக்கோடு போட்டு ஒரு எச்சரிக்கையும். அட்டை மேல 'யாருடைய சமையலறையிலிருந்து'ன்னு அச்சடிச்சு, பக்கத்துல ஒரு வெத்துக் கோடு. பேனாவை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அம்மா பேரை எழுதினேன். முழுப் பேர், இனிஷியலோட.

ராத்திரி அம்மாவே கூப்பிட்டாங்க.

"மிச்சமாச்சா?"

"ஒரு பருக்கை இல்லை."

"உப்பு?"

"சரியா இருந்துச்சும்மா."

அட்டை விஷயத்தை இன்னும் சொல்லலை. திட்டுவாங்க.