பொடக்காணித் தொட்டி

எங்கள் தோட்டத்துக் கிணறு எழுபதடி. கோடை லீவு விட்டால் பையன்கள் மேட்டிலிருந்து தொப்புத் தொப்பென்று குதிப்பார்கள். சின்னதுகள் முதுகில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு படியோரம் கையைக் காலை உதைக்கும். நான் மேலே நின்று அவர்கள் சட்டைகளுக்குக் காவல். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சாமி நீச்சலு?" என்பாள் ஆத்தா, என் பாட்டி. அவளே சிறுபிள்ளையில் நொய்யலில் முங்கிக் குளித்தவள். நான் பார்த்த நொய்யலுக்கோ, அன்றைக்குச் சாயப்பட்டறையில் என்ன கலரோ அதுதான் கலர். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தச் சாயத் தண்ணீர்தான் போய்த் தேங்கியது.

1994-இல் எனக்கு ஒன்பது வயது. ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன், 12 வயதுப் பையன், பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அதே வருஷம் இங்கிலீஷ் கால்வாயும். ஒரே ஆண்டில் ஆறு கடற்கால்வாய்களை நீந்தி நீச்சல் வீரர் மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். அப்பாரு, என் தாத்தா, திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்தார். கேட்டுக்கொண்டே இருந்த நான் அழ ஆரம்பித்துவிட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் ஆத்தாவிடம், "கெணத்துலதான ஆகாதுங்கற? பொடக்காணில தொட்டி கட்டுனா ஆகுமல்லொ?" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னைக்கு நடுவே கயிறு பிடித்தார்கள். இருபதடி நீளம், பத்தடி அகலம், நாலடி ஆழம். ரெண்டடி செம்மண், அதற்குக் கீழே கடப்பாரை எகிறியது, சுக்கான் கல். பாதியை மண்ணுக்குள்ளும் பாதியை மேலேயும் எழுப்புவதென்று முடிவானது. கொத்தனார் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டார்: நிறைந்தால் 22,000 லிட்டருக்கு மேல், அதாவது 22 டன்னுக்கு மேல். "தண்ணி அடியிலதானுங்க தள்ளும். கீழ பதிமூணரை இஞ்ச் செவுரு, மேல ஒம்பது போதும்." தரையும் சுவரும் சேரும் இடத்தில் கலவையைத் திணித்து, காலி சோடா பாட்டிலின் அடியால் இழுத்து இழுத்து வளைவாக்கினார். அந்தச் சேர்மானத்தில்தான் ஒழுகும் என்றார். அப்படியும் முதல் தடவை நிரப்பியபோது கிழக்கு மூலை கசிந்தது. இறைத்துவிட்டு மறுபடி பூசினார்கள். பூச்சு காயாமல் இருக்கச் சாக்கை நனைத்துப் போட்டு, ஏழு நாளும் விடிந்ததும் தண்ணீர் தெளித்தது நான்தான். ஈரச் சிமெண்ட் வாசம் இன்றைக்கும் மூக்கில் பட்டால் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது.

அப்பாருவுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. 1990 முதல் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். அது வெள்ளாமைக்கென்று கொடுத்தது, விளையாட்டுக்கு இல்லை என்பார். மழைமறைவுப் பூமியில் தண்ணீரின் அருமை அவருக்குத் தெரியும். அதனால் மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுந்து, நாலு நாள் எங்களைக் குளிப்பாட்டி, அடியில் வைத்த குழாய் வழியாக வாய்க்காலுக்குப் போய்த் தென்னையில் பாயும். மருந்து எதுவும் கலப்பதில்லை. பாசி பிடித்தால் பனியன் வேஸ்ட்டைக் கொண்டு தேய்ப்போம்.

அவர் துண்டை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையில் நடப்பார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அந்தக் கரை போய்த் திரும்பிப் பார்த்தேன். துண்டு என் பின்னாலேயே தண்ணீரில் மிதந்து வந்திருந்தது. அவர் அங்கேயே நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குத் துண்டு பிடிக்க யாரும் இல்லை. அவள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள். சனிக்கிழமை சம்பளம் போட்டு அவள் வீடு வர ஒன்பது ஆகிவிடும். ஒரு சனிக்கிழமை எல்லோரும் படுத்த பிறகு என்னை எழுப்பினாள். "கதவத் தாப்பாப் போட்டுட்டு வா கண்ணு." ராத்திரி த்ரீ ஃபேஸ் வந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் வேறெதுவும் வெளியே கேட்காது. அம்மா பழைய நைட்டியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவில் நின்று, "சில்லுனு கெடக்குது" என்று என் தோளை இறுக்கினாள். கத்தரி பிடித்த காய்ப்பு அவள் கட்டைவிரலில் சொரசொரவென்றிருந்தது. மூச்சை அடக்கச் சொல்லி அவள் வயிற்றுக்கடியில் என் இரண்டு கையையும் கொடுத்தேன். அவ்வளவு பெரிய அம்மா தண்ணீருக்குள் கனமே இல்லை.

தலையை முக்கினாள். முடிக்குள் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசி ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்து, குண்டு பல்பின் வெளிச்சத்தில் வெள்ளையாக எங்களைச் சுற்றி மிதந்தது.